நாற்பது என்றால் எது நாற்பது?

பாளையங்கோட்டையில் நடுவயதுக்காரர் ஒருவரின் துணி அலமாரியைத் திறந்து பார்ப்போம். பனியன் 95. சட்டை 40. பேண்ட் 34. வாசலில் கிடக்கும் செருப்பு 8. நான்கும் ஒரே உடம்புக்கு வாங்கியவைதான். ஆனால் பனியனின் 95 மார்புச் சுற்று, அதுவும் சென்டிமீட்டரில். பேண்டின் 34 இடுப்புச் சுற்று, அங்குலத்தில். செருப்பின் 8 பிரிட்டிஷ் கணக்கு. அங்கே ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, பழைய இங்கிலாந்தில் ஒரு வாற்கோதுமை மணியின் நீளம். சட்டையின் 40 எதைக் குறிக்கிறது என்று அவரிடமே கேட்டால் "மார்புதான், வேறென்ன?" என்பார். பல நேரங்களில் அது தவறு.

கடைக்கு நேரில் போய் வாங்கும்போது இந்தக் குழப்பம் யாருக்கும் தெரிவதில்லை. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரதவீதிக் கடைகளில் போட்டுப் பார்க்கலாம், தோளில் வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த அளவை எடுத்துத் தரச் சொல்லலாம். பழைய துணி இணையத்தில் விலைக்கு வரும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது. அப்பா எண்பதுகளில் போட்ட டெரிகாட்டன் சட்டை, அத்தையின் கல்யாணப் பட்டு ஜாக்கெட், எழுபதுகளின் பெல்பாட்டம் என்று இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்று 'விண்டேஜ்' என்ற பெயரில் நல்ல விலை போகிறது. புதுத்துணி அளவு மாறினால் வேறு அளவு அனுப்பிவிடுவார்கள். பழையதில் அந்த வழியே கிடையாது. இருப்பது ஒன்றே ஒன்று. அளவு தப்பினால் பொட்டலம் திரும்பித்தான் வரவேண்டும்.

முதலில் அந்த நாற்பதைத் தீர்த்துவிடலாம். இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் விற்கும் அலுவலகச் சட்டைகளின் கழுத்துப்பட்டையில் 38, 39, 40, 42, 44 என்று எண்கள் இருக்கும். இவை காலரின் சுற்றளவு, சென்டிமீட்டரில். 40 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 15¾ அங்குலம். நடுவில் ஒற்றைப்படையாக ஒரு 39 வந்து நிற்பதே துப்பு; மார்பளவை அங்குலத்தில் சொல்பவர்கள் 38, 40, 42 என்று இரண்டிரண்டாகத்தான் தாவுவார்கள். ஆனால் சாதாரண ரெடிமேட் சட்டையில் அதே 40 மார்பைக் குறிக்கும். காலர் 40 உள்ள சட்டையின் மார்புச் சுற்றை அளந்தால் 42, 44 அங்குலம்கூட வரலாம். இரண்டு சட்டையிலும் ஒரே எண், அளந்ததோ வேறு வேறு இடம்.

இந்தக் காலர் எண் நம் வீடுகளுக்குள் நுழைந்த கதையில் தாமிரபரணிக்கும் ஒரு பங்கு உண்டு. 1880களில் ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் அருவி நீரின் விசையை நம்பி ஒரு நூற்பாலை தொடங்கினார்கள். 1908இல் வ.உ.சி. முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தால் பேர்பெற்ற தூத்துக்குடி கோரல் மில்லும் இவர்களுடையதுதான். பாபநாசம், தூத்துக்குடி, மதுரை ஆலைகள் பிற்பாடு மதுரா மில்ஸ் என ஒன்றாகி, 1974இல் பிரிட்டனின் கோட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆயின. அந்த நிறுவனத்தின் ஆயத்த ஆடைப் பிரிவுதான் மதுரா கார்மென்ட்ஸ். 1989இல் லூயி பிலிப், அடுத்து வான் ஹூசன், 1993இல் ஆலன் சாலி என இந்திய அலுவலகங்களின் உடையை மாற்றிய பெயர்கள் அங்கிருந்து வந்தன. சட்டைகள் பாபநாசம் ஆலை உள்ள விக்கிரமசிங்கபுரத்தில் தைக்கப்பட்டவை அல்ல. பின்னர் அந்தப் பிரிவு ஆதித்ய பிர்லா குழுமத்துக்கும் போய்விட்டது. ஆனாலும் டெய்லரிடம் மட்டுமே சட்டை தைத்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு "உங்க சைஸ் என்ன?" என்ற கேள்வியைப் பழக்கியதில் பாபநாசத்து ஆலையின் வாரிசுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தக் காலச் சட்டைகள்தான் இன்று விண்டேஜ் ஆகி விலைக்கு வருகின்றன.

உடம்பை எண்ணாக்கும் ஆசைக்கு வயது அதிகம். பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்டலே 1846இல் வெளியிட்ட ஆய்வில் 5,738 ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மார்பளவை எடுத்துக்கொண்டார். 33 அங்குலத்திலிருந்து 48 அங்குலம் வரை விரிந்த அந்த எண்கள் நடுவில் குவிந்து இருபுறமும் சரிந்து, இன்று கல்லூரியில் படிக்கும் மணி வடிவ வளைகோட்டில் அழகாக உட்கார்ந்தன. ஆயிரக்கணக்கில் சீருடை தைப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது: நடு அளவில் நிறைய, ஓரங்களில் கொஞ்சம் தைத்தால் போதும்.

சீருடைக்கு அது சரி. பெண்களின் உடையில்தான் சிக்கல் முற்றியது. அமெரிக்க விவசாயத் துறைக்காக ரூத் ஓ'பிரையனும் வில்லியம் ஷெல்டனும் சுமார் 15,000 பெண்களை, ஆளுக்கு 59 இடங்களில், நாடாவால் அளந்து 1941இல் அறிக்கை தந்தார்கள். கணக்கில் சேர்த்தது வெள்ளைக்காரப் பெண்களை மட்டும். இந்தத் தரவின் மேல்தான் 1958இல் அமெரிக்க அரசு ஒரு தர அளவை வெளியிட்டது. நிறுவனங்கள் அதைப் பொருட்படுத்தாமல் போகவே 1983இல் அதைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் எண்கள் சத்தமில்லாமல் இறங்கின. சியர்ஸ் நிறுவனத்தின் 1937ஆம் ஆண்டு விற்பனைப் பட்டியலில் 32 அங்குல மார்பளவுக்கு எண் 14. 1967இல் அதே மார்புக்கு எண் 8. 2011இல் பூஜ்யம். வாங்குபவர் மெலிந்ததாக நினைத்து மகிழட்டும் என்று எண்ணைக் குறைத்து ஒட்டும் வியாபார உத்தி இது. ஆண்களும் தப்பவில்லை. 2010இல் 'எஸ்குயர்' இதழுக்காகக் கடை கடையாகப் போய் அளந்தவர், 36 என்று எழுதியிருந்த ஒரு பேண்டின் இடுப்பு உண்மையில் 41 அங்குலம் இருப்பதைக் கண்டார்.

நம் ஊருக்கு இறக்குமதியாகி வந்த அளவு அட்டவணைகள் பலவும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. இந்தியர்களை அளந்து இந்தியர்களுக்கென ஓர் அட்டவணை உருவாக்கும் 'இந்தியா சைஸ்' திட்டத்தை தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம், அதாவது நிஃப்ட், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவோடு எடுத்துக்கொண்டது. 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் நிறுத்தி அளப்பது திட்டம். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 1985இல் தைத்த சட்டையின் பட்டையை எந்த அட்டவணை வந்தாலும் திருத்த முடியாது. இன்னொன்று, உடம்புகளும் அன்றிருந்தபடி இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள்; அதற்கு முந்தைய ஆய்வில் இது 31 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அத்தை கல்யாணத்துக்குப் போட்ட ஜாக்கெட் மருமகளுக்குக் கை நுழையவில்லை என்றால் குற்றம் ஜாக்கெட்டின் மேல் இல்லை.

எண் பொய் சொல்லாமலே இருந்தாலும் ஒற்றை எண்ணால் ஓர் உடம்பைச் சொல்ல முடியுமா? 1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. விமானி அறையை 'சராசரி' உடம்புக்கு வடிவமைப்பதுதான் அன்றைய வழக்கம். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியை ஒட்டியவர் எத்தனை பேர் என்று தேடினார். ஒருவர்கூட இல்லை. மார்பில் நடுவாக இருந்தவர் தோளில் அகலமாக இருந்தார். தோள் சரியாக இருந்தவருக்குக் கை நீண்டிருந்தது. விமானப்படை இருக்கையையும் மிதிகட்டையையும் நகர்த்தும்படி மாற்றிக்கொண்டது. மார்பு 40 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு தோள், கை, உயரம் மூன்றையும் ஊகிப்பவர் நாலாயிரம் பேரில் கிடைக்காத ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இதற்கெல்லாம் தீர்வு மேலப்பாளையத்திலோ வண்ணார்பேட்டையிலோ எந்தத் தையல் கடையிலும் கிடைக்கும். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகும் பெண் புதுத்துணியோடு வீட்டிலிருந்து ஒரு பழைய ஜாக்கெட்டையும் பையில் வைத்துக்கொள்கிறார். "அண்ணாச்சி, அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கேன்." "பழைய அளவேதானா, இல்ல கொஞ்சம் லூசு வைக்கணுமாக்கா?" இவ்வளவுதான் பேச்சு. டெய்லர் அந்த ஜாக்கெட்டை முதுகு நடுவில் இரண்டாக மடித்துத் துணிமேல் வைத்து, சாக்பீஸால் கோடு இழுக்கிறார். உடம்பைத் தொட்டு அளக்கவில்லை, சைஸ் எண்ணைக் கேட்கவும் இல்லை. நன்றாகப் பொருந்திய ஓர் உடையிலிருந்து இன்னொரு உடை பிறக்கிறது.

உலகெங்கும் பழைய உடை விற்பவர்கள் இதே முறைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். பட்டையில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உடையைத் தரையில் விரித்து அளந்து, அந்த அளவுகளை எழுதுகிறார்கள். வாங்குபவர் தனக்குக் கச்சிதமாக இருக்கும் சட்டையை அதேபோல் விரித்து அளந்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். இடையில் உடம்பே வராது. உடம்பை அளப்பதில் வரும் தவறுகளும் வராது: மூச்சை இழுத்துப் பிடிப்பது, நாடா முதுகில் இறங்கிவிடுவது, இடுப்பு எங்கே தொடங்குகிறது என்ற நித்திய விவாதம்.

அளப்பதிலும் கைப்பக்குவம் இருக்கிறது. எல்லாப் பட்டனையும் போட்டுச் சட்டையைக் கெட்டியான தளத்தில் விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவிவிட வேண்டும், இழுக்கக் கூடாது. அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை நேராக நாடாவை வைத்து வரும் அளவை இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்று. பெருக்கும்போது தவறும் பெருகும். விரித்ததில் அரை அங்குலம் பிசகினால் சுற்றளவில் ஓர் அங்குலம் போய்விடும். அதனால் பெருக்காமல் விரித்த அளவையே, '21 அங்குலம், ஒரு பக்கம்' என்று எழுதுவது நல்லது. டாட் பிடித்த ஜாக்கெட் தட்டையாகப் படுக்காது. முன்பக்கத்தையும் முதுகையும் தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும். நாடாவையும் ஒருமுறை சந்தேகிக்கலாம். வருடக்கணக்கில் இழுபட்ட பழைய துணி நாடா நீண்டுவிடும். எஃகு அளவுகோலோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். படம் எடுக்கும்போது செல்போனைச் சாய்த்துப் பிடித்தால் அருகில் உள்ள கீழ்ப்பகுதி அகலமாகவும் தோள் குறுகியும் விழும். நேர் மேலிருந்து எடுத்து, நாடாவையும் படத்துக்குள் வைத்துவிட்டால் வாய்ச்சண்டை மிச்சம்.

'மார்பு 38' என்று மட்டும் எழுதுவது அரைகுறைத் தகவல். உடையின் மார்பா, போடுபவரின் மார்பா? ஆண் சட்டையில் உடம்புக்கும் துணிக்கும் இடையே மூன்று நான்கு அங்குலம் லூஸ் இருந்தால்தான் கையைத் தூக்க முடியும். சேலை ஜாக்கெட்டில் அது ஓர் அங்குலத்தைத் தாண்டினாலே பலருக்குத் தொளதொள. ஆகவே துணியில் 40 அளந்த சட்டை 36, 37 மார்புக்காரருக்குப் பொருந்தும்; துணியில் 40 அளந்த ஜாக்கெட் 39க்காரருக்கு. பெல்பாட்டத்தில் இன்னொரு வம்பு. எழுபதுகளின் பேண்ட் தொப்புளை ஒட்டி உட்காரும். இன்றையது அதற்குக் கீழே, இடுப்பெலும்பை ஒட்டி. ஒரே ஆளுக்கு இந்த இரண்டு இடங்களிலும் சுற்றளவு வேறு. இடுப்புப் பட்டையிலிருந்து கால்கள் பிரியும் தையல் வரை உள்ள உயரத்தையும் சேர்த்து எழுதினால்தான் 32 என்ற எண்ணுக்குப் பொருள் உண்டு.

துணியும் சும்மா இருப்பதில்லை. தறியில் பாவு நூல் விறைப்பாக இழுபட்டு நிற்கிறது. அந்த இறுக்கம் நெய்த துணிக்குள்ளும் தங்கிவிடுகிறது. பருத்தி தண்ணீரில் ஊறும்போது இழைகள் பருக்கின்றன; பருத்த ஊடை நூலைச் சுற்றி வளைய பாவு நூலுக்குக் கூடுதல் நீளம் தேவைப்படுகிறது; நீளம் எங்கிருந்தும் வராததால் துணி சுருங்குகிறது. அதனால்தான் பருத்திச் சட்டை அகலத்தைவிட நீளத்தில் அதிகம் குறைகிறது. ஐந்து சதவீதம் சுருங்கினால் 30 அங்குலச் சட்டையில் ஒன்றரை அங்குலம் காணாமல் போகும். அமெரிக்காவின் சான்ஃபோர்டு கிளூட் 1930 வாக்கில் துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடும் இயந்திர முறையைக் கொண்டுவந்தார். மிச்சச் சுருக்கம் ஒரு சதவீதத்துக்குள் அடங்கியது. நம் வீடுகளில் இந்த அறிவு இன்னும் வாளியில்தான் இருக்கிறது. லைனிங் துணியையும் ஃபால்ஸையும் ஒரு ராத்திரி நனைத்துக் காயவைக்காமல் தைக்கக் கொடுத்தால் டெய்லரிடம் பேச்சு வாங்க வேண்டும். நனைக்காமல் அடித்த ஃபால்ஸ் முதல் சலவையில் சுருங்கிச் சேலையின் கீழோரத்தைச் சுருட்டிவிடும். பருத்திச் சேலையின் ஜரிகைக் கரை நெளிவதும் இதே கணக்குத்தான், திசை மட்டும் மாறி: உடல் சுருங்குகிறது, ஜரிகை சுருங்குவதில்லை.

டெரிகாட்டன் இந்த விஷயத்தில் உத்தமன். அதில் கலந்த பாலியஸ்டரை ஆலையிலேயே கடும் சூட்டில் நிலைப்படுத்திவிடுகிறார்கள். வீட்டுச் சலவையின் சூடு அதை அசைக்காது. எண்பதுகளின் டெரிகாட்டன் சட்டை இன்றும் தைத்த நாளின் அளவிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். வியர்வைக்குத்தான் ஆகாது. எலாஸ்டிக் நேர் எதிர். ரப்பர் இழை காற்றில் உள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து வருடக்கணக்கில் துவண்டுபோகும். பழைய பாவாடையின் எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்து 'இடுப்பு 28 முதல் 36 வரை' என்று எழுதுபவர், 36க்குப் போன அது 28க்குத் திரும்பியதா என்று பார்த்துவிட்டு எழுதட்டும்.

சேலைக்கு ஏது சைஸ் என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்துப் பரணிலிருந்து வரும் மடிசார் புடவை ஒன்பது கஜம், அதாவது 8.2 மீட்டருக்குச் சற்றுமேல். சாதாரணச் சேலை ஆறு கஜம், ஐந்தரை மீட்டரை ஒட்டி. இப்போது ஜாக்கெட் துணியும் சேர்த்து நெய்வதால் ஆறு மீட்டரைத் தாண்டுகிறது. பழைய சேலையைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டு ஜாக்கெட் துணி இருக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். அகலம் இன்னும் முக்கியம். குழித்தறியில் ஊடை நூலைச் சுமக்கும் தறி நாடாவைக் கையால் எறிந்து மறுகையால் பிடித்து நெய்த காலத்தில் துணியின் அகலத்தை நெசவாளியின் கை எட்டும் தூரம் தீர்மானித்தது. 1733இல் இங்கிலாந்தின் ஜான் கே கயிறு இழுத்தால் தானே ஓடும் நாடாவைச் செய்த பிறகுதான் ஒரே ஆள் அகலத் துணி நெய்வது எளிதாயிற்று. இந்தியக் கைத்தறிகளுக்கு அது வந்துசேர மேலும் நெடுங்காலம் ஆனது. பழைய கைத்தறிச் சேலைகள் பல 44, 45 அங்குல அகலத்தோடு நின்றுவிடுகின்றன. இன்று 47, 48 அங்குலம் சகஜம். உயரமான பெண்ணுக்கு அந்த மூன்று அங்குலம் கணுக்காலுக்கு மேலே தெரியும்.

அம்பாசமுத்திரம் பக்கத்து வீரவநல்லூரில் சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்யும் செடிபுட்டா சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செயற்கைப் பட்டும் பருத்தியும் கலந்த உடலில் செடியும் பூவுமாகப் புட்டாக்களைக் கையாலேயே போடுகிறார்கள். பெயர் பெற்ற பிறகு பழைய செடிபுட்டாக்களைத் தேடுவோரும் இருப்பார்கள். அப்படிப்பட்ட சேலையை விற்பவர் நீளம், அகலம் இரண்டையும் மடிப்பைப் பிரித்து அளப்பது நல்லது. மடிப்போரங்களில் நூல் நைந்திருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஜாக்கெட்டுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. நம் டெய்லர்கள் பக்கவாட்டுத் தையலில் ஓர் அங்குலமோ ஒன்றரையோ துணியை உள்ளே விட்டு, கால் அங்குல இடைவெளியில் இரண்டு மூன்று வரி தையல் போட்டுக் கொடுப்பார்கள். உடம்பு போட்டால் ஒரு வரியைப் பிரித்துவிடலாம். ஆகவே பழைய ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் அதன் அளவைச் சொல்ல முடியாது. 34 என்று அளந்தது 36 ஆகவும் மாறக்கூடும். காட்டனில் பிரித்த தையலின் ஊசித்துளைகள் ஒரு சலவையில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பட்டில் வரிசையாகப் புள்ளி தெரியும், வெளிச்சம் படாத உள்துணி பழைய நிறத்திலேயே பளிச்சென்று தனியாகவும் தெரியும். கைக்குக் கீழே மறைந்துவிடும் என்று சிலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. வாங்குபவர் பொருட்படுத்துவாரா என்பது அவர் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆரி வேலை செய்த ஜாக்கெட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. ஜரிகையும் மணியும் தையல் கோட்டோடு நின்றுவிடுவதால் அதைப் பிரித்தால் வேலைப்பாட்டின் நடுவே வெறும் துணி பட்டையாக நிற்கும். பிடிக்கத்தான் முடியும், விட முடியாது.